சொல்லிச் செய்த கித்தாரும் செய்கூலிக் கணக்கும்

கேமரன் மலையில் மாரியம்மன் திருவிழா என்றால் உறுமி மேளமும் நாதசுரமும் மட்டுமே ஒலித்த காலம் ஒன்று உண்டு. இன்று சாமி ஊர்வலம் முடிந்ததும் மேடை விளக்கு எரிகிறது. மின்கித்தாரைத் தோளில் மாட்டிக்கொண்டு நம் பிள்ளைகள் வந்து நிற்கிறார்கள். முதல் தந்தியை மீட்டியதும் லயத்து வீடுகளிலிருந்து கைக்குழந்தையோடு தாய்மார்கள் ஓடி வருகிறார்கள். பார்க்க மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது.

ஆனால், அந்தக் கித்தார் எப்படி வந்தது? என்ன விலை? நாளை ஒரு கஷ்டம் வந்து விற்கப் போனால் என்ன கிடைக்கும்? இந்தக் கேள்விகளை நம்மில் பலர் கேட்பதில்லை. தோட்டத்துப் பள்ளியில் ஆசிரியனாக இருப்பவனிடம் பழைய மாணவர்கள் பல விஷயங்களுக்கு யோசனை கேட்டு வருவது வழக்கம். கடந்த சில ஆண்டுகளாக இந்தக் கித்தார் விஷயமும் அடிக்கடி வருகிறது. "சார், கடையில் இருப்பது எல்லாரிடமும் இருக்கிறது. எனக்கென்று ஒன்றைச் சொல்லிச் செய்யப் போகிறேன். பிற்காலத்தில் நல்ல விலை போகும் என்கிறார்கள், உண்மையா?" என்பதே கேள்வி.

உண்மை பாதி, பொய் பாதி. எந்தப் பாதி நம்முடையது என்று தெரிந்துகொள்வதுதான் புத்திசாலித்தனம்.

மின்கித்தார் வந்த கதை

மின்கித்தாருக்கு வயது இன்னும் நூறு ஆகவில்லை. 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ரிக்கன்பாக்கர் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் மின்கித்தாருக்குப் பட்டப்பெயரே 'வாணலி'. உருண்டை உடலும் நீண்ட பிடியுமாக, தோசை வார்க்கும் சட்டியைப் போலவே அது இருந்தது. பின்னர் 1950இல் லியோ ஃபெண்டர் என்பவர் பலகையையே உடலாகக் கொண்ட கித்தாரைத் தொழிற்சாலையில் செய்யத் தொடங்கினார். கிப்சன் நிறுவனம் 1952இல் 'லெஸ் பால்' கித்தாரை வெளியிட்டது. ஃபெண்டரின் 'ஸ்ட்ராட்டோகாஸ்டர்' 1954இல் வந்தது. இன்று நம் மேடைகளில் காணும் கித்தார்களில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஒன்றின் சாயலே.

அது வேலை செய்யும் விதம் மிக எளிது. காந்தத் துண்டுகளைச் சுற்றி முடியைப் போன்ற மெல்லிய செப்புக்கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றியிருப்பார்கள். இதற்குப் 'பிக்கப்' என்று பெயர். எஃகுத் தந்தி அதன் மேல் அதிரும்போது செப்புச் சுருளில் சிறு மின்னோட்டம் பிறக்கும். அதை ஒலிபெருக்கி பெரிதாக்கித் தருகிறது. ஆகவே மின்கித்தார் என்பது மரவேலையும் மின்வேலையும் சேர்ந்த ஒரு பொருள். விலைக் கணக்குப் போடும்போது இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கவேண்டும் என்பதை இப்போதே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் நாட்டுக்கு இந்த ஆசை வந்தது 1960களில். 1961இல் கிளிஃப் ரிச்சர்டும் 'த ஷேடோஸ்' குழுவும் சிங்கப்பூருக்கு வந்து போன பிறகு, பட்டணத்து இளைஞர்கள் நான்கு பேர் சேர்ந்தால் ஒரு கித்தார்க் குழு என்ற நிலை பிறந்தது. 'பாப் யே யே' அலை இந்நாட்டு மலாய் இசையில் வீசிய காலம் அது. பினாங்குத் தமிழ்ச் சகோதரர்களான லோகநாதன் ஆறுமுகமும் டேவிட் ஆறுமுகமும் 'அல்லிகேட்ஸ்' குழுவின் மூலம் நாடறிந்த பாடகர்கள் ஆனார்கள். தமிழ்ப்படங்களில் 1976இல் 'அன்னக்கிளி' வழியாக இளையராஜா வந்த பிறகு, கித்தார் ஒலி நம் வீட்டு வானொலிப் பெட்டிக்குள்ளும் குடியேறிவிட்டது. தோட்டத்துப் பிள்ளைகள் மரக்கித்தாரில் பழகினார்கள். 'காப்போக்' என்ற மலிவான கித்தார் எத்தனை பேர் கைக்குப் போயிருந்தால், மலாய்மொழியில் சாதாரண மரக்கித்தாருக்கே 'கித்தார் காப்போக்' என்று பெயர் நிலைத்திருக்கும்!

சொல்லிச் செய்வது என்றால் என்ன?

தையற்காரரிடம் அளவு கொடுத்துச் சட்டை தைப்பது போலத்தான். எந்த மரம், கழுத்து எவ்வளவு பருமன், எத்தனை தந்தி, என்ன நிறம், எந்தப் பிக்கப் என்று எல்லாவற்றையும் நாம் சொல்ல, கைவினைஞர் ஒருவர் செய்து கொடுப்பார். வெளிநாட்டில் இதற்கென்றே நிறுவனங்கள் இருக்கின்றன. அமெரிக்காவில் லோவெல் கீசல் என்பவர் 1946இல் தொடங்கிய 'கார்வின்', கடைக்காரர் இல்லாமல் நேராக வாடிக்கையாளருக்கே விற்றுப் பெயர் பெற்றது. அதன் கித்தார்த் தொழில் 2015 முதல் 'கீசல்' என்ற பெயரில் நடக்கிறது. நம் நாட்டிலும் நல்ல கைவினைஞர்கள் இருக்கிறார்கள். ஜெஃப்ரி யோங் என்பவர் சாலையோரத் தூங்குமூஞ்சி மரத்தில் கித்தார் செய்து வெளிநாட்டாரையும் திரும்பிப் பார்க்க வைத்திருக்கிறார். மலாய்க்காரர்கள் 'புக்குல் லீமா' என்று சொல்லும் அதே மரம்தான்!

சொல்லிச் செய்வதில் ஒரு நியாயமும் இருக்கிறது. கடைக் கித்தார் சிலருக்குப் போதாது. 1970களில் எல். சங்கர், விக்கு விநாயகராம் ஆகியோருடன் 'சக்தி' குழுவில் வாசித்த ஜான் மெக்லாக்லின் என்ற ஆங்கிலேயருக்கு நம் கமகங்களை வாசிக்க வேண்டியிருந்தது. சாதாரணக் கித்தாரில் தந்தியை அவ்வளவு தூரம் இழுக்க முடியாது. ஏப்ரகாம் வெக்டர் என்ற கைவினைஞர் அவருக்காகத் தனிக் கித்தார் ஒன்றைச் செய்தார். மெட்டுகளுக்கு இடையே விரற்பலகை குழிவாகக் குடையப்பட்டிருந்தது. வழக்கமான ஆறு தந்திகளுக்குக் கீழே சுருதிக்கென்று தனியாகச் சாய்வுத் தந்திகளும் இருந்தன. நம் மாண்டலின் யு. ஸ்ரீநிவாசும் அப்படித்தான். இரட்டை இரட்டையாகத் தந்தி கட்டும் மேல்நாட்டு மாண்டலினை விட்டு, ஒற்றைத் தந்திகள் கட்டிய மின்மாண்டலினில் கர்நாடக இசையை வாசித்தார். 1969இல் பிறந்து 2014இல் மறைந்த அந்த மேதையின் கையில் அந்தக் கருவி பேசியதை மறக்க முடியுமா?

ஆக, வித்தைக்குத் தேவை என்றால் சொல்லிச் செய்வதில் தவறே இல்லை. ஆனால் வித்தைக்காகச் செய்வது வேறு, விற்பனைக்காகச் செய்வது வேறு.

செய்கூலி திரும்பி வராது

நம் தாய்மார்களுக்கு நகைக்கடைக் கணக்கு நன்றாகத் தெரியும். தாலிக்கொடியோ வளையலோ செய்யும்போது தங்கத்தின் விலையோடு செய்கூலியும் சேதாரமும் கொடுக்கிறோம். அதையே விற்கப் போனால் கடைக்காரர் தராசில் போட்டுத் தங்கத்தின் எடைக்கு மட்டுமே பணம் கொடுப்பார். எவ்வளவு நுணுக்கமான வேலைப்பாடாக இருந்தாலும் செய்கூலி போனது போனதுதான்.

கித்தாரில் நிலைமை இதைவிட மோசம். நகையில் தங்கம்தான் பெரும்பங்கு, செய்கூலி சிறுபங்கு. சொல்லிச் செய்த கித்தாரிலோ செய்கூலிதான் பெரும்பங்கு. தங்கத்துக்கு நாள்தோறும் உலகச் சந்தை விலை உண்டு. அறுத்துத் துளை போட்ட பலகைக்கு என்ன சந்தை விலை?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது விளக்கத்துக்கான கணக்கே தவிர, எந்தக் கடையின் விலைப்பட்டியலும் அன்று. சொல்லிச் செய்த கித்தார் ஒன்று 5,100 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். 2025இல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. அப்படியானால் இது ஒரு தொழிலாளியின் முழுதாக மூன்று மாதச் சம்பளம். அதில் மரம் 700, பிக்கப், பிருடை, குதிரை முதலிய உறுப்புகள் 1,400, பெட்டி 300, மீதி 2,700 வெள்ளி கைவினைஞரின் உழைப்புக்கும் வண்ணப்பூச்சுக்கும் என்று கொள்வோம்.

இரண்டு ஆண்டு கழித்து விற்க வருகிறீர்கள். உறுப்புகளைக் கழற்றி விற்றால் பாதி விலை, 700 வெள்ளி. பெட்டி 150. வெட்டிய மரத்தை மரமாக யாரும் வாங்கமாட்டார்கள். ஆக, யாருக்கும் பிடிக்காத கித்தாருக்கு அடிமட்ட விலை 850 வெள்ளிதான். அதற்கு மேல் கிடைப்பதெல்லாம் வாங்குகிறவரின் ஆசையைப் பொறுத்தது. உங்கள் ஆசைக்காகச் செய்த பொருளின் மேல் அவருக்கும் அதே ஆசை இருக்கவேண்டுமே!

பாத்திரத்தில் பெயர் வெட்டுவது போல

இதுதான் விஷயத்தின் மூலவேர். தொழிற்சாலைக் கித்தாருக்குப் பெயர் உண்டு, மாதிரி எண் உண்டு, ஊரறிந்த விலை உண்டு. ஈப்போவில் இருக்கும் ஒருவர் கையில் எடுத்துப் பார்க்காமலே அது எப்படி ஒலிக்கும் என்று சொல்லிவிடுவார். ஆகவே துணிந்து விலை கேட்பார். சொல்லிச் செய்த கித்தார் உலகத்தில் ஒன்றே ஒன்று. அதை ஒப்பிட்டுப் பார்க்க இன்னொன்று இல்லை. ஒப்பிட முடியாத பொருளுக்கு வாங்குகிறவர் எப்போதும் குறைத்துத்தான் கேட்பார்.

நாம் கல்யாணச் சீர் பாத்திரங்களில் பெயர் வெட்டுகிறோம் அல்லவா? அந்த வீட்டுக்கு அது பெருமை. பழைய பாத்திரக் கடைக்கு அது வெறும் பித்தளை. கித்தாரின் விரற்பலகையில் காதலியின் பெயரைச் சிப்பியில் பதித்தாலும் கதை அதுதான். கண்ணைப் பறிக்கும் பச்சை நிறத்தில் புலிக்கோடு போட்டாலும், எட்டுத் தந்தி கட்டினாலும், இடக்கைக்காரருக்காகச் செய்தாலும் வாங்க வரும் ஆட்கள் குறைந்துகொண்டே போவார்கள். முன்னே சொன்ன குழிவான விரற்பலகை இருக்கிறதே, அது கமகம் வாசிப்பவருக்கு வரப்பிரசாதம். மற்றவருக்கோ அது மீண்டும் நிரப்ப முடியாத பள்ளம். கறுப்பு, வெள்ளை, மஞ்சளும் பழுப்பும் கலந்த 'சன்பர்ஸ்ட்' ஆகிய வழக்கமான நிறங்களில், ஆறு தந்தியோடு, வலக்கைக்காரருக்கான கித்தார்தான் சீக்கிரம் கைமாறும். கார்வின், கீசல் போன்ற நல்ல வேலைப்பாடுள்ள கித்தார்களே பழைய சந்தையில் வாங்கிய விலைக்கு மிகவும் இறங்கிப் போவது கித்தார்க்காரர்களுக்குத் தெரிந்த செய்தி. தரத்தில் குறை ஒன்றும் இல்லை. ஒருவருடைய விருப்பம் மற்றவருக்குப் பொருந்தவில்லை, அவ்வளவே.

இலட்சக்கணக்கில் போனவை எப்படி?

"அப்படியானால் அமெரிக்காவில் கோடிக்கணக்கில் ஏலம் போகிறதே?" என்று பிள்ளைகள் திருப்பிக் கேட்பார்கள். நியாயமான கேள்வி. கதையை முழுதாகச் சொல்லவேண்டும்.

'கிரேட்ஃபுல் டெட்' என்ற அமெரிக்கக் குழுவின் கித்தார் வித்துவான் ஜெரி கார்சியா. அவருக்காக டக் இர்வின் என்ற கைவினைஞர் செய்து 1973இல் கொடுத்த கித்தாருக்கு 'ஓநாய்' என்று பெயர். விலை 1,500 அமெரிக்க டாலர். பின்னர் 'புலி' என்ற இன்னொன்றைப் பல ஆண்டு உழைத்துச் செய்து 1979இல் கொடுத்தார். 1995இல் கார்சியா இறந்தபோது, இர்வின் செய்த கித்தார்களை இர்வினுக்கே திருப்பிக் கொடுக்கும்படி உயில் எழுதியிருந்தார். குழுவினரோ அவை குழுவின் பொதுச்சொத்து என்று வாதாடினார்கள். இதற்கிடையே விபத்தில் அடிபட்ட இர்வின் கையில் காசில்லாமல் நொடித்துப் போயிருந்தார். 2001இல் சமாதானமாகி, 'ஓநாயும்' 'புலியும்' அவர் கைக்கு வந்தன. 2002இல் நியூயார்க் ஏலத்தில் 'ஓநாய்' 7,89,500 டாலருக்கும், 'புலி' 9,57,500 டாலருக்கும் போயின. அதே 'ஓநாய்' 2017இல் மறுபடி ஏலத்துக்கு வந்து 19 இலட்சம் டாலருக்குப் போனது. அந்தத் தடவை அதன் உரிமையாளர் அந்தப் பணத்தை ஓர் அறநிறுவனத்துக்குக் கொடுக்கவே விற்றார்.

சொல்லிச் செய்த மின்கித்தாருக்கு இதைவிடப் பெரிய மறுவிற்பனைக் கதை வேண்டுமா? ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த விலை மரத்துக்கும் செய்கூலிக்கும் கிடைத்ததன்று. இருபது ஆண்டுக்கும் மேலாக ஆயிரமாயிரம் மக்கள் முன் வாசித்த ஒரு மனிதரின் கைபட்டதற்குக் கிடைத்த விலை. காந்தியடிகளின் மூக்குக்கண்ணாடி ஏலம் போனால் அது கண்ணாடிக்கடை விலையிலா போகும்?

இரண்டாவது வகையும் உண்டு. கிப்சன் நிறுவனம் 1958 முதல் 1960 வரை 'சன்பர்ஸ்ட்' நிறத்தில் செய்த லெஸ் பால் கித்தார்கள் அன்று 300 டாலருக்குள் விற்றன. விற்பனை மந்தம் என்று நிறுவனமே அவற்றை நிறுத்தி உருவத்தை மாற்றியது. அவற்றின் அருமை பின்னால்தான் தெரிந்தது. இன்று ஒவ்வொன்றும் இலட்சக்கணக்கான டாலர். ஆனால் அவை சொல்லிச் செய்தவை அல்ல, தொழிற்சாலைச் சரக்கு. எல்லாருக்கும் தெரிந்த மாதிரி, எண்ணிக்கையில் குறைவு, பெரிய வித்துவான்கள் கையாண்டது என்ற மூன்றும் சேர்ந்ததால் வந்த விலை அது.

மூன்றாவதாக, விற்கவே படாத ஒன்று. 1963இல் இலண்டன் அருகே பிரையன் மே என்ற பள்ளி மாணவன் கடைக் கித்தார் வாங்கக் காசில்லாமல் தன் தந்தையோடு சேர்ந்து வீட்டிலேயே ஒன்றைச் செய்யத் தொடங்கினான். கழுத்துக்குப் பழைய கணப்படுப்புச் சட்டம், அதிர்வுக் கட்டைக்கு மோட்டார்சைக்கிள் சுருள்வில், ஒரு கத்தியின் எஃகு என்று கிடைத்ததையெல்லாம் சேர்த்தார்கள். ஏறக்குறைய இரண்டு ஆண்டு உழைப்பு. செலவோ சில பவுன்தான். அன்று அதைக் கடைக்குக் கொண்டுபோயிருந்தால் விறகு விலைக்குக்கூடக் கேட்டிருக்கமாட்டார்கள். 'குயீன்' குழுவில் அவர் அதைக் கொண்டுதான் உலகப்புகழ் பெற்றார். 2007இல் வானியல் ஆய்வில் டாக்டர் பட்டமும் பெற்றார். கித்தார் பிடித்தால் படிப்பு கெடும் என்று சொல்லும் பெற்றோர் கவனிக்கவேண்டிய செய்தி இது.

எந்தச் சூழலில் விலை நிற்கும்?

புகழில்லாத நம் போன்றோர் கித்தாருக்கும் ஓரளவு விலை நிற்க வழி உண்டு. முதலாவது, செய்தவரின் பெயர். பலர் காத்திருந்து வாங்கும் கைவினைஞரின் கித்தார் என்றால் காத்திருக்க மனமில்லாதவர் நல்ல விலை கொடுப்பார். பெயரில்லாத கைவினைஞர் எவ்வளவு அழகாகச் செய்தாலும் வாங்குகிறவருக்கு நம்பிக்கை வராது.

இரண்டாவது, காகிதம். ரசீது, மரத்தின் பெயரும் உறுப்புகளின் பெயரும் எழுதிய குறிப்பு, செய்யும்போது எடுத்த புகைப்படங்கள் எல்லாவற்றையும் கித்தார்ப் பெட்டியிலேயே வையுங்கள். நிலத்துக்குப் பட்டா எப்படியோ, கித்தாருக்கு இவை அப்படி.

மூன்றாவது, திருப்பிப் போடக்கூடிய மாற்றங்களையே செய்வது. பிக்கப்பை மாற்றினால் பழையதைப் பத்திரப்படுத்துங்கள். விற்கும்போது பழையதை மாட்டிக் கித்தாரைத் தனியாகவும், புதிய பிக்கப்பைத் தனியாகவும் விற்கலாம். புதுத்துளை போடுவதும், உடலைக் குடைவதும், வண்ணத்தைச் சுரண்டுவதும் திருப்ப முடியாதவை.

நான்காவது, மரம். விரற்பலகைக்கு உலகமெங்கும் விரும்பப்படும் மரங்களில் ஒன்று நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் விளையும் ஈட்டி, அதாவது தோதகத்தி. பிரேசில் ஈட்டி மரத்தின் பன்னாட்டு வணிகம் 1992இல் தடைசெய்யப்பட்டது. அந்த மரம் வைத்த கித்தாரை உரிய தாள்கள் இல்லாமல் எல்லை கடத்தி விற்க முடியாது. 2017இல் எல்லா ஈட்டி இனங்களுக்கும் கட்டுப்பாடு வந்தது. பிரேசில் ஈட்டி நீங்கலாக மற்ற ஈட்டி மரங்களில் செய்த இசைக்கருவிகளுக்கு 2019இல் விலக்கு அளிக்கப்பட்டது. "அபூர்வ மரம்" என்று யாராவது அதிக விலை சொன்னால், "தாள் இருக்கிறதா?" என்று கேளுங்கள்.

ஐந்தாவது, பொய்ப்பெயர் வேண்டாம். உள்ளூரில் செய்த கித்தாரின் தலையில் 'கிப்சன்' என்றோ 'ஃபெண்டர்' என்றோ எழுதச் சொல்லும் இளைஞர்கள் உண்டு. மேடையில் யாருக்குத் தெரியப் போகிறது என்ற எண்ணம். விற்கும் நாளில் அந்த எழுத்தே கித்தாரைக் கொன்றுவிடும். தெரிந்தவர் கண்டுபிடித்தால் போலி என்று ஒதுக்குவார். தெரியாதவருக்கு அசல் என்று விற்பதை வியாபாரமாகச் செய்தால் 2011ஆம் ஆண்டு வணிக விவரிப்புச் சட்டம் பாயும். கைவினைஞரின் சொந்தப் பெயரே போட்டிருந்தால் நேர்மையும் நிற்கும், விலையும் ஓரளவு நிற்கும்.

நம் மலைக்கே உரிய எதிரி

கேமரன் மலையின் பனிமூட்டம் தேயிலைக் கொழுந்துக்கு உயிர். கித்தாருக்கு அது மெல்லக் கொல்லும் நோய். ஈரக்காற்றில் மரம் ஊதும், கழுத்து வளையும், தந்தியிலும் மெட்டிலும் துருப்பிடிக்கும், ஒலித்திருகாணிகள் கரகரக்கும். அதே கித்தாரைக் கோலாலம்பூரில் குளிர்சாதன அறைக்குக் கொண்டுபோனால் காற்று வறண்டு மரம் சுருங்கும். மெட்டுகளின் முனை வெளியே நீட்டி விரலைக் கீறும்.

செலவில்லாத வைத்தியம் உண்டு. வாசித்து முடித்ததும் தந்திகளை உலர்ந்த துணியால் துடையுங்கள். சுவரில் மாட்டாமல் பெட்டியில் வைத்து மூடுங்கள். காலணிப் பெட்டிகளில் வரும் ஈரமுறிஞ்சும் பொட்டலங்களைப் பெட்டிக்குள் போட்டு, அவ்வப்போது மாற்றுங்கள். அடுப்படிச் சுவரோரம் வேண்டாம். தாப்பா சாலையின் வளைவுகளில் லாரியில் கொண்டுபோகும்போது மெல்லிய துணிப்பை போதாது, கெட்டிப் பெட்டி வேண்டும். தலைப்பகுதி ஒருமுறை முறிந்து ஒட்டப்பட்டால், வாசிக்க நன்றாக இருந்தாலும் விலை பாதியாகக்கூடக் குறையும்.

வாங்குகிறவர் பக்கம் நின்று பாருங்கள்

இவ்வளவு நேரம் விற்கிறவரின் நட்டத்தைப் பேசினோம். அந்த நட்டம் எங்கே போகிறது? வாங்குகிறவருக்கு இலாபமாகப் போகிறது! வசதியுள்ள ஒருவர் ஆசைப்பட்டுச் செய்த கித்தாரை, செய்கூலி கழிந்த விலையில், நம் பிள்ளை வாங்கலாம். நல்ல மரம், நல்ல பிக்கப், கைவேலை எல்லாம் பாதி விலையில் கிடைக்கும். அதில் யார் பெயர் பதித்திருந்தால் நமக்கென்ன?

முகநூலிலும் 'முடா' இணையச் சந்தையிலும் இப்படிப்பட்டவை வருகின்றன. படத்தைப் பார்த்து முன்பணம் அனுப்பாதீர்கள். ஈப்போவுக்கோ தாப்பாவுக்கோ நேரில் போய், தெரிந்தவர் ஒருவரை உடன் அழைத்துப் பாருங்கள். கழுத்தை ஒரு கண்ணால் நேர்கோட்டில் பாருங்கள், வளைந்திருக்கிறதா? கழுத்துக்குள் ஓடும் இரும்புக்கம்பியின் திருகு சுழல்கிறதா? ஒவ்வொரு மெட்டிலும் ஒவ்வொரு தந்தியையும் மீட்டுங்கள், எங்காவது உராய்ந்து இரைகிறதா? தலைக்கும் கழுத்துக்கும் இடையே ஒட்டிய தழும்பு இருக்கிறதா? ஒலிபெருக்கியில் மாட்டித் திருகாணிகளைச் சுழற்றுங்கள். இத்தனையும் சரி என்றால்தான் பணத்தை எடுக்கவேண்டும்.

புதிதாகச் செய்யக் கொடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. முன்பணம் எவ்வளவு, எப்போது முடியும், பிடிக்காவிட்டால் என்ன என்பதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள். பணத்தை வாங்கிக்கொண்டு கித்தார் தராமல் இழுத்தடிப்பவர் மேல் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமலே முறையிடலாம். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது. பதிவுக் கட்டணம் 5 வெள்ளிதான். வாய்ப்பேச்சை நிரூபிப்பது கடினம். ரசீது பேசும்.

கித்தார் சேமிப்பா, கருவியா?

தோட்டத்தில் வாழ்கிறவர்களுக்குக் கஷ்டம் சொல்லிக்கொண்டு வருவதில்லை. அப்பா ஓய்வுபெற்றால் தோட்டத்து வீட்டைக் காலி செய்யவேண்டும். தங்கைக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தால் பத்து நாளில் பணம் கட்டவேண்டும். அப்போது கழுத்துச் சங்கிலியைக் கொண்டுபோனால் அடகுக்கடையில் அரைமணி நேரத்தில் பணம் கிடைக்கிறது. கித்தாரைக் கொண்டுபோனால்? 'அர்-ரஹ்னு' கடைகள் தங்கத்தைத்தான் வாங்குகின்றன. இணையத்தில் விளம்பரம் போட்டுவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்கவேண்டும். காத்திருக்க முடியாதவன் என்று தெரிந்தால் வாங்குகிறவர் இன்னும் இறக்குவார். ஆகவே கூட்டுப் பணத்தை எடுத்தும், அம்மாவின் வளையலை வைத்தும் கித்தார் செய்துவிட்டு, "இதுவும் ஒரு சொத்துதானே" என்று சமாதானம் சொல்வது சரியன்று. சொத்து என்பது கேட்டபோது பணமாகவேண்டும்.

அதற்காகக் கித்தாரே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. மண்வெட்டி வாங்கும்போது நாளை என்ன விலைக்குப் போகும் என்றா கேட்கிறோம்? எத்தனை நாள் உழைக்கும் என்றுதான் கேட்கிறோம். கித்தாரையும் அப்படிப் பாருங்கள். நம் கணக்குப்படி 5,100 வெள்ளிக்குச் செய்த கித்தார் பின்னால் 2,100 வெள்ளிக்குப் போனால் நட்டம் 3,000. அதற்குள் திருமணம், திருவிழா என்று 60 மேடை ஏறியிருந்தால், ஒரு மேடைக்கு 50 வெள்ளி தேய்மானம். மேடைக்கு அதைவிட அதிகமாகச் சம்பாதிக்கிறவனுக்கு அந்தக் கித்தார் நட்டமே இல்லை. வருடத்துக்கு இரண்டு மேடை மட்டும் ஏறுகிறவனுக்கோ 800 வெள்ளிக் கடைக் கித்தாரே போதும். செய்யக் கொடுப்பதற்கு முன், இந்த ஆண்டு எத்தனை மேடை என்று பிள்ளையிடம் கேளுங்கள். அவன் சொல்லும் எண்ணை ஒரு தாளில் எழுதி, விலையை அதனால் வகுத்துப் பாருங்கள். நாலாம் வகுப்புக் கணக்குத்தான். வீட்டில் எல்லாருமாக உட்கார்ந்து போடவேண்டிய கணக்கு.